பெயர் இருக்கும், அலுவலகம் இருக்காது: அமெரிக்கக் கவுண்டிகளின் கதை

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவோடு வேலை செய்பவர்கள் 46113 என்ற எண்ணில் ஒருமுறையாவது தடுக்கி விழுந்திருப்பார்கள். அங்கே மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பிரிவான கவுண்டி ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், அடுத்த மூன்றும் கவுண்டியைக் குறிக்கும். 46 என்றால் தெற்கு டகோட்டா. 2014 வரையிலான கோப்புகளில் 46113 இருக்கும். அதற்குப் பிந்தையவற்றில் தேடினால் கிடைக்காது. பழையதையும் புதியதையும் அப்படியே இணைத்து வரைபடம் போட்டால், மாநிலத்தின் தென்மேற்கில் ஒரு கட்டம் நிறமில்லாமல் நிற்கும். அது ஏதோ வெற்று நிலம் இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி 13,672 பேர் வாழும் இடம்.

நடந்தது பெயர் மாற்றம். ஷானன் கவுண்டி என்று இருந்தது 2015 மே 1 அன்று ஒக்லாலா லகோட்டா கவுண்டி ஆனது. எண்கள் ஆங்கில அகரவரிசைப்படி, பெரும்பாலும் ஒற்றைப்படையில் விட்டுவிட்டுத் தரப்பட்டவை. பின்னால் புதிதாக ஒன்று வந்தால் நடுவில் செருக இடம் வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மூடி கவுண்டிக்கு 46101, பென்னிங்டனுக்கு 46103. புதுப் பெயர் இரண்டுக்கும் நடுவே வருவதால் 46102 கிடைத்தது. தரவைச் சரிசெய்ய ஒரு வரி நிரல் போதும். ஆனால் அந்த ஒரு வரியின் பின்னால் இருப்பது 140 ஆண்டுக் கதை. கவுண்டி என்றால் உண்மையில் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொரு இடம் எனக்குத் தெரியவில்லை.

கவுண்டியை நம் ஊர் மாவட்டத்தோடு ஒப்பிடுவது வழக்கம். பரப்பில் அது ஓரளவு பொருந்தும், ஆட்சிமுறையில் பொருந்தாது. நம் மாவட்டத்துக்கு ஆட்சியரை அரசு அனுப்புகிறது. கவுண்டியில் ஷெரிஃப் எனப்படும் காவல் தலைவர், கருவூலர், பத்திரப் பதிவாளர், அரசு வழக்கறிஞர் என்று பலரையும் பெரும்பாலான மாநிலங்களில் அங்கு வாழும் மக்களே வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் ஒரு கவுண்டி இயங்குவதற்கு வரைபடத்தில் கோடு போட்டால் மட்டும் போதாது. வாக்களிக்க ஆட்கள் வேண்டும், பதவியேற்க ஆட்கள் வேண்டும், சம்பளம் கொடுக்க வரி வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்குப் பகுதிகளின் சட்டமன்றங்கள் இதை இரண்டு கட்டமாகச் செய்தன. முதலில் எல்லையும் பெயரும். குடியேறியவர்கள் போதுமான அளவு சேர்ந்த பிறகு அவர்கள் மனுக் கொடுப்பார்கள், தேர்தல் நடக்கும், தலைமையிடம் எது என்று முடிவாகும். அப்போதுதான் அது நிர்வாகம் அமைந்த கவுண்டி. அதுவரை நீதிமன்றத்துக்கும் வரிக்கும் பதிவுக்கும் பக்கத்துக் கவுண்டியோடு அதை ஒட்டவைத்திருப்பார்கள். பல இடங்களில் இந்த இடைக்காலம் சில ஆண்டுகளில் முடிந்துவிட்டது. ஷானன் கவுண்டியில் அது ஒரு நூற்றாண்டைத் தாண்டியது.

அந்தக் கோடு போடப்பட்டது 1875இல். யாங்க்டனில் கூடிய டகோட்டா பிரதேசச் சட்டமன்றம் போட்டது. அப்போது அந்த நிலம் யாருடையது என்பதில் சட்டப்படி எந்தச் சந்தேகமும் இல்லை. 1868இல் அமெரிக்க அரசு கையெழுத்திட்ட லாரமி கோட்டை ஒப்பந்தப்படி, மிசௌரி ஆற்றுக்கு மேற்கே இன்றைய தெற்கு டகோட்டாவில் இருக்கும் நிலம் முழுவதும் லகோட்டா மக்கள் உள்ளிட்ட சூ என்ற பழங்குடி இனத்தவருக்கென்றே ஒதுக்கப்பட்ட பெரும் ஒதுக்கீட்டு நிலம். அதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதென்றாலும் வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 1874இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை பிளாக் ஹில்ஸ் மலையில் தங்கம் இருப்பதாகச் செய்தி கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அந்த மலைமீதும் அதைச் சுற்றிய நிலத்தின்மீதும் கவுண்டிகள் வரையப்பட்டுவிட்டன. நிலம் கைமாறுவதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

வைத்த பெயரும் சாதாரணமானதில்லை. பீட்டர் ஷானன் டகோட்டா பிரதேச உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. பின்னால், 1882இல், சூ மக்களிடம் பேசி ஒதுக்கீட்டு நிலத்தில் ஏறத்தாழ பாதியை வாங்குவதற்காக அனுப்பப்பட்ட மூவர் குழுவில் அவரும் ஒருவர். நான்கில் மூன்று பங்கு கையெழுத்து அந்தக் குழுவுக்குக் கிடைக்கவில்லை, முயற்சி தோற்றது. 1889இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் அந்தப் பெரும் ஒதுக்கீடு சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கப்பட்டது. அப்படி மிஞ்சிய துண்டுகளில் ஒன்றுதான் ஷானன் கவுண்டி இருக்கும் பைன் ரிட்ஜ். 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் பெண்களும் குழந்தைகளுமாக லகோட்டா மக்கள் படைவீரர்களால் கொல்லப்பட்ட இடம் இன்றைய கவுண்டி எல்லைக்குள்தான் இருக்கிறது. தங்கள் நிலத்தைப் பாதியாகக் குறைக்க வந்த ஒருவரின் பெயரைத்தான் அந்த மக்களின் பிள்ளைகள் 2015 வரை முகவரியில் எழுதினார்கள்.

ஷானன் மட்டும் தனியாக இருக்கவில்லை. அந்த நிலத்தின்மீது இன்னும் பல கவுண்டிகள் வரையப்பட்டன: வாஷிங்டன், வாஷபா, நௌலின், ஸ்டெர்லிங், ஸ்கோபி, டெலனோ, பையட். பல பெயர்கள் சில பத்தாண்டுகளில் அழிந்தன. பையட் 1895இல் ஆம்ஸ்ட்ராங் என்று பெயர் மாறி, அரை நூற்றாண்டுக்கும் மேல் நிர்வாகமே அமையாமல் கிடந்து, 1952இல் டூயி கவுண்டிக்குள் கரைந்தது. வாஷிங்டன் 1943இல் ஷானனோடு சேர்ந்தது. வாஷபா 1983இல் ஜாக்சன் கவுண்டியின் தென்பாதி ஆனது. ஒருநாள்கூடத் தனக்கென ஒரு ஷெரிஃபையோ பொருளாளரையோ தேர்ந்தெடுக்காமலே பிறந்து மறைந்த கவுண்டிகளும் இவற்றில் உண்டு.

சரி, நிர்வாகம் அமையாவிட்டால் என்ன? இதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. அதற்கு நீதிமன்றப் பதிவிலேயே பதில் இருக்கிறது. ஷானன் கவுண்டியின் வேலைகளை மேற்கே இருக்கும் ஃபால் ரிவர் கவுண்டி பார்த்தது. கிழக்கே ரோஸ்பட் ஒதுக்கீட்டு நிலத்தில் இருக்கும் டாட் கவுண்டியின் வேலைகளை டிரிப் கவுண்டி பார்த்தது. அதாவது ஷானனில் ஒருவர்மீது வழக்குப் போடும் அதிகாரி, அவர் வாகனத்துக்கு உரிமம் தரும் அதிகாரி, நிலப் பத்திரத்தைப் பதியும் அதிகாரி எல்லோரும் ஃபால் ரிவர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ஷானன் மக்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கு கிடையாது. காரணம், அவர்கள் வேறு கவுண்டிக்காரர்கள். அவர்கள் கவுண்டியிலோ தேர்தலே கிடையாது.

1975இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் லிட்டில் தண்டர் வழக்கில் இது அரசமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டு நிலத்தில் வாழும் பழங்குடியினரில் பலர் சொத்துவரி கட்டுவதில்லை, அதனால் அந்தத் தேர்தலில் அவர்களுக்குப் போதிய அக்கறை இல்லை என்ற மாநில அரசின் வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. தங்கள்மீது அதிகாரம் செலுத்துகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் எவருக்கும் அக்கறை உண்டு. அதோடு முடியவில்லை. வாக்களிக்கலாம் என்று ஆன பிறகும் அந்தப் பதவிகளுக்குப் போட்டியிட முடியாது என்ற தடை நின்றது. அதை நீக்க 1980இல் இன்னொரு தீர்ப்பு வேண்டியிருந்தது. அமெரிக்கப் பழங்குடியினர் அனைவரும் குடிமக்கள் என்று சட்டம் வந்தது 1924இல். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல், வரைபடத்தில் இருந்த ஒரு தொழில்நுட்பக் காரணம் இவர்களைக் கவுண்டித் தேர்தலுக்கு வெளியே நிறுத்தியது. எனக்கு இது சாதாரண நிர்வாகக் குறையாகத் தெரியவில்லை. கோட்டைப் போட்டுவிட்டு அதற்குள் ஆட்சியைத் தராமல் வைத்திருப்பதும் ஒரு வகை ஆட்சிதான்.

1980களின் தொடக்கத்தில் ஷானனும் டாடும் தங்களுக்கென்று சாசனம் ஏற்று நிர்வாகம் அமைத்துக்கொண்டன. அதன் பிறகு 2014 நவம்பரில் பெயர் மாற்றம் வாக்குக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதி. கிடைத்தது ஏறத்தாழ 80 சதவீதம். மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, ஆளுநர் அறிவிப்பு வெளியிட்டார், சாலைப் பலகைகள் மாறின.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். கவுண்டிப் பெயர்களின் வரலாற்றில் பயணம் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் நடந்திருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தில் 1840இல் வடபகுதியில் பல கவுண்டிகள் வரையப்பட்டபோது பழங்குடிப் பெயர்களோ அந்தச் சாயலில் உள்ள பெயர்களோ வைக்கப்பட்டன. மூன்றே ஆண்டுகளில், 1843இல், 16 கவுண்டிகளின் பெயர்கள் ஒரே சட்டத்தால் மாற்றப்பட்டன. மீகிசி என்பது ஆன்ட்ரிம் ஆனது, கேககீ என்பது கிளேர் ஆனது, மிக்கெனாக் என்பது ராஸ்காமன் ஆனது, கௌட்டவாபெட் என்பது வெக்ஸ்ஃபோர்டு ஆனது. நான்கும் அயர்லாந்தின் கவுண்டிகள். டோனெடகானா என்பது அயர்லாந்து விடுதலைப் போராளி ராபர்ட் எம்மெட்டின் பெயரில் எம்மெட் ஆனது. பெயர் மாறியபோது அங்கே ஐரிஷ் மக்கள் குடியேறியிருக்கவும் இல்லை. கிளேருக்கு நிர்வாகம் அமைந்தது 1871இல், ராஸ்காமனுக்கு 1875இல். அந்தக் காடுகளில் அப்போது வாழ்ந்தவர்கள் ஒட்டாவா, ஓஜிப்வே மக்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பழங்குடிப் பெயர்போல ஒலித்துத் தங்கிய பெயர்கள் எல்லாமே பழங்குடிப் பெயர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. மிச்சிகனில் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்ற அரசு அதிகாரி இருந்தார். ஓஜிப்வே மொழி கற்றவர், அந்த மரபில் வந்த பெண்ணை மணந்தவர். பழங்குடிச் சொற்களின் துண்டுகளை லத்தீன், அரபு அசைகளோடு ஒட்டிப் புதுச்சொற்கள் செய்வது அவருக்குப் பிடிக்கும். அல்கோனா, அல்பீனா, ஐயோஸ்கோ, டஸ்கோலா எல்லாம் அப்படிப் பிறந்தவை. இன்றும் அவை கவுண்டிப் பெயர்களாகவே இருக்கின்றன, அந்த ஊர்க்காரர்களில் பலர் அவற்றைப் பழங்குடிச் சொற்கள் என்றே நம்புகிறார்கள். அப்படி ஒரு மொழியில் இல்லாத சொற்கள் அந்த மொழியின் பெயரால் தங்கிவிட்டன. உண்மையான மனிதர்களின் பெயர்களில் பல போய்விட்டன.

ஒக்லாலா லகோட்டா பெயர் மாறிய அதே 2015இல் அலாஸ்காவிலும் ஒரு பெயர் போனது. வேட் ஹாம்ப்டன் கணக்கெடுப்புப் பகுதி என்பது குசில்வாக் ஆனது. வேட் ஹாம்ப்டன் தெற்குக் கரோலினாவின் பெரும் அடிமை முதலாளிக் குடும்பத்தவர், உள்நாட்டுப் போரில் தென்னகக் கூட்டமைப்பின் தளபதி. அவருக்கும் யூகான் ஆற்று முகத்துவாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவருடைய மருமகன் அலாஸ்காவில் நீதிபதியாக இருந்தபோது, 1913இல் ஒரு சுரங்கப் பகுதிக்கு மாமனார் பெயரை வைத்தார். ஏறத்தாழ முழுக்க யூப்பிக் மக்கள் வாழும் நிலத்தின்மீது அந்தப் பெயர் ஒரு நூற்றாண்டு கிடந்தது. இப்போதைய பெயர் அங்கே இருக்கும் மலையின் பெயர்.

அது ஏன் கவுண்டி இல்லாமல் கணக்கெடுப்புப் பகுதி? அலாஸ்காவில் கவுண்டியே கிடையாது. 1955, 56இல் மாநில அரசமைப்பை எழுதியவர்கள் மற்ற மாநிலங்களின் கவுண்டி முறையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்து, பரோ என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். பரோ எதிலும் சேராத நிலம் எல்லாம் சேர்ந்து அமைக்கப்படாத பரோ என்ற ஒற்றைப் பெயரில் வரும். மாநிலப் பரப்பில் அது ஏறத்தாழ பாதி. அங்கே கவுண்டி மட்டத்தில் எந்த ஆட்சியும் இல்லை, அதற்கான பேரவையாக மாநிலச் சட்டமன்றமே இருக்கிறது. கணக்கெடுப்புக்காரர்கள் எண்ணும் வசதிக்காகத்தான் அதைத் துண்டுகளாகப் பிரித்தார்கள். பல இடங்களில் மக்களே பரோ வேண்டாம் என்கிறார்கள். பரோ அமைத்தால் பள்ளிச் செலவில் உள்ளூர்ப் பங்கைக் கட்ட வேண்டிவரும் என்பது ஒரு காரணம். ஷானனில் ஆட்சி மறுக்கப்பட்டது, இங்கே அதை வேண்டாம் என்கிறார்கள். இரண்டையும் ‘அமைக்கப்படாத’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

கவுண்டிகள் ஒழிக்கப்பட்ட கதைக்கு வந்தால், அங்கே பேச்சு முழுக்கப் பணம்தான். டென்னசியில் 1871இல் உருவான ஜேம்ஸ் கவுண்டி ஏழைக் கவுண்டி. சாலை போடவும் பள்ளி நடத்தவும் முடியாமல் திணறி, 1919இல் மக்களே வாக்களித்துப் பக்கத்து ஹாமில்டன் கவுண்டியோடு சேர்ந்துகொண்டார்கள். ஜார்ஜியாவில் பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் மில்டன், கேம்ப்பெல் என்ற இரண்டு கவுண்டிகள் திவாலாகும் நிலைக்கு வந்தன. 1932 தொடக்கத்தில் இரண்டும் அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுண்டியோடு இணைந்தன. ஃபுல்டன் இன்றும் வரைபடத்தில் நீளமாக வடக்கும் தெற்கும் இழுத்து நிற்பதற்கு அதுதான் காரணம்: தலை மில்டன், கால் கேம்ப்பெல்.

அப்புறம் நடந்தது கவனிக்க வேண்டியது. 1932இல் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் வந்து சேர்ந்த மில்டன் பகுதி, எழுபது ஆண்டுகளில் அட்லாண்டாவின் செல்வச் செழிப்பான புறநகர் ஆனது. 2000களில் அங்கிருந்து ஒரு கோரிக்கை எழுந்தது: எங்கள் வரிப்பணம் தெற்கே போகிறது, பழைய மில்டன் கவுண்டியைத் திருப்பிக் கொடுங்கள். வடக்கில் வெள்ளையர் பெரும்பான்மை, தெற்கில் கறுப்பர் பெரும்பான்மை. எனவே அந்தக் கோரிக்கை வரியைப் பற்றி மட்டும் பேசியது என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஜார்ஜியா அரசமைப்பு கவுண்டிகளின் எண்ணிக்கையை 159க்கு மேல் அனுமதிப்பதில்லை, 159 ஏற்கெனவே இருக்கிறது. கவுண்டி கிடைக்கவில்லை, ஆனால் ஃபுல்டனின் வடக்கில் தனி நகரங்கள் உருவாயின. 2005இல் சாண்டி ஸ்பிரிங்ஸ், 2006இல் ஜான்ஸ் கிரீக், அதே ஆண்டு மில்டன் என்ற பெயரிலேயே ஒரு நகரம். கஷ்டத்தில் சேர்த்துக்கொண்ட வீட்டிலிருந்து வசதி வந்ததும் பாகம் பிரிப்பதைப் போன்றது இது என்று எனக்குத் தோன்றும்.

வர்ஜீனியாவில் வேறு காரணம். அங்கே நகரம் எந்தக் கவுண்டியிலும் சேராது, அது தனி. அந்தக் காலத்தில் நகரம் வளர வளரச் சுற்றியுள்ள கவுண்டியின் நிலத்தை நீதிமன்றம் மூலம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நிலத்தோடு வரியும் போனது. இதைத் தடுக்கக் கவுண்டிகள் கண்ட வழி, தாங்களே நகரமாக மாறிவிடுவது. 1634இல் உருவான எலிசபெத் சிட்டி கவுண்டி 1952இல் ஹாம்ப்டன் நகரத்துக்குள் மறைந்தது. பிரின்சஸ் ஆன் கவுண்டி 1963இல் வர்ஜீனியா பீச் ஆனது, நார்ஃபோக் கவுண்டி அதே ஆண்டு செசபீக் ஆனது. வயல்களும் சதுப்பு நிலமும் இருக்கும் இடங்கள்கூட அங்கே பெயரளவில் நகரம்தான்.

நெவாடாவின் புல்ஃபிராக் கவுண்டியில் ஒரே ஒரு மனிதர்கூட வாழவில்லை. யக்கா மலையில் அணுக்கழிவுக் கிடங்கு வரும் என்ற பேச்சு இருந்தபோது, மத்திய அரசு தரக்கூடிய இழப்பீட்டுப் பணம் நை கவுண்டிக்குப் போகாமல் மாநிலத்துக்கு வரவேண்டும் என்று 1987இல் சட்டமன்றம் அந்த மலையைச் சுற்றி 144 சதுர மைல் பரப்பை வெட்டித் தனிக் கவுண்டி ஆக்கியது. தலைமையிடம் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் மாநிலத் தலைநகர் கார்சன் சிட்டி. அதிகாரிகளை ஆளுநர் நியமிப்பார். நை கவுண்டி வழக்குப் போட்டது, புல்ஃபிராக் அரசமைப்புக்கு முரணானது என்று 1988இல் தீர்ப்பு வந்தது, 1989இல் அது கலைக்கப்பட்டது. மக்களே இல்லாத, ஆளுநர் ஆட்கள் நடத்தும் கவுண்டி ஒன்று செல்லாது என்று ஆக இரண்டு ஆண்டுகள் போதுமாக இருந்தன. ஆயிரக்கணக்கான மக்கள் இருந்தும் தங்கள் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க முடியாத ஷானன் கவுண்டிக்கு நீதிமன்றத் தீர்ப்பு வர நூறு ஆண்டுகள் ஆயின.

கனெக்டிகட்டில் 1960இல் கவுண்டி அரசுகள் ஒட்டுமொத்தமாக ஒழிக்கப்பட்டன. எட்டுப் பெயர்களும் எல்லைகளும் மட்டும் மிஞ்சின. 2022இல் கணக்கெடுப்புத் துறையும் அவற்றைக் கைவிட்டு ஒன்பது திட்டமிடல் பகுதிகளுக்கு மாறியதால், அங்கேயும் இப்போது பழைய எண்ணும் புது எண்ணும் ஒட்டாது.

ஒக்லாலா லகோட்டாவுக்கு இன்றும் சொந்தத் தலைமையிடம் இல்லை. கருவூலர், பத்திரப் பதிவாளர், அரசு வழக்கறிஞர் ஆகிய வேலைகளை ஒப்பந்த அடிப்படையில் ஃபால் ரிவர் கவுண்டிதான் பார்க்கிறது. அலுவலகம் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் இருக்கிறது, பைன் ரிட்ஜ் ஊரிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், ஒதுக்கீட்டு நிலத்துக்கு வெளியே. கார் இல்லாதவர்கள் நிறைய இருக்கும் ஊருக்கு அது நீண்ட தூரம். தேர்தலுக்கு முன்கூட்டியே வாக்களிக்கும் வசதியை ஒதுக்கீட்டு நிலத்துக்குள்ளேயே திறக்கவேண்டும் என்பதற்கும் வழக்குப் போடவேண்டி வந்தது. நிர்வாகம் அமைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் சொந்தமாக ஓர் அலுவலகம் கட்டவில்லை என்று கேட்டால், காரணம் நிலத்தில் இருக்கிறது. கவுண்டியின் முதன்மை வருமானம் சொத்துவரி. இங்கே நிலத்தில் பெரும்பகுதி பழங்குடியினருக்காக மத்திய அரசு பொறுப்பில் வைத்திருக்கும் நிலம், அதன்மீது கவுண்டி வரி போட முடியாது. 1868இல் அவர்களுடையது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட நிலத்தில் மிஞ்சியதைக் காப்பாற்றும் அந்த ஏற்பாடுதான், அதன்மேல் 1875இல் போட்ட கவுண்டியைக் கையில் காசில்லாமல் வைத்திருக்கிறது. அதனால் பத்திரம் பதிய இன்னமும் ஹாட் ஸ்பிரிங்ஸுக்குத்தான் வண்டி கட்டிப் போகிறார்கள்.